எஞ்சினுக்கு மேலே ஒரு அறை

2024 செப்டம்பர் 11, புதன்

காலையில் காபியை எடுத்துக்கொண்டு போனால் ஆள் கட்டிலில் இல்லை. தோட்டத்து மோட்டார் ரூம் வாசலில் நாற்காலி போட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். உள்ளே கம்ப்ரசர் மோட்டார் ஓடுகிறது. தொட்டி நிரம்பி, தண்ணீர் வாழைக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

"ஏனுங்க, தண்ணி வழியுதுங்க."

"சும்மா ஓட்டிப் பாத்தேன்."

நன்றாக ஓடுகிற மோட்டாரை எதற்கு ஓட்டிப் பார்க்க வேண்டும்? கேட்கவில்லை. ராத்திரி தூங்காத முகம். அந்த முகத்திடம் கேள்வி கேட்டால் சண்டையில்தான் முடியும்.

போர்வெல் போடும் ரிக் வண்டி இரண்டையும் விற்று ஒரு வருஷமாகிறது. முப்பது வருஷம் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று போய்ப் போர் போட்டவர். மழைக்காலத்தில் ஒரு தரம், பொங்கல் நோம்பிக்கு ஒரு தரம் வீட்டுக்கு வருவார். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டர் வண்டி வேலையே கூடாது என்றுவிட்டார். இப்போது தினமும் வீட்டில் இருக்கிறார். கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் கழித்து, ஒரே ஆளோடு மூன்று வேளையும் உட்கார்ந்து சாப்பிடுவது எனக்கும் புதுசுதான்.

தூக்கம் மட்டும் வரமாட்டேன் என்கிறது. மாத்திரை போட்டாலும் ஒரு மணி நேரம்தான். தூங்காவிட்டால் பிரஷர் இறங்காது என்று டாக்டர் என்னைத்தான் திட்டுகிறார், ஏதோ நான் பிடித்து உலுக்கி எழுப்புகிற மாதிரி.

செப்டம்பர் 15, ஞாயிறு

தீர்த்தகிரி ஜோத்பூரிலிருந்து மறுபடி கூப்பிட்டிருக்கிறான். இவரோடு பங்குக்கு வண்டி ஓட்டியவன். இப்போது சொந்தமாக மூன்று வண்டி. "சும்மா வந்து ஒக்காந்து பாத்துக்குங்ண்ணா, போதும்" என்கிறானாம். ரிக்கில் சும்மா உட்கார்ந்த மனுசனை நான் பார்த்ததே இல்லை.

இவருக்குப் போக ஆசை. மறைக்கக்கூட இல்லை. "இங்க இருந்து என்ன பண்றேன் சொல்லு? அங்கீன்னா தூங்கவாச்சும் செய்வேன்" என்றார்.

போனால் பெட்டியில்தான் திரும்புவார். எனக்கு அது தெரியும். டாக்டருக்கும் தெரியும்.

சாயங்காலம் தமிழினி பெங்களூரிலிருந்து பேசினாள். விஷயத்தைச் சொன்னேன். மகள் என்ன யோசனை சொல்கிறாள் என்றால், கப்பல். "ரெண்டு பேரும் கப்பல்ல ஒரு டூர் போய்ட்டு வாங்கம்மா. கடல் காத்துல அப்பா நல்லாத் தூங்குவாரு. டிக்கெட் என்னோட செலவு." ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தவர், போய்விட்டு வந்து தீர்த்தகிரிக்குப் பதில் சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். அதற்காகவே நானும் சரி என்றேன். எனக்குக் கடல் என்றால் ராமேஸ்வரத்தில் முழுக்குப் போட்டதோடு சரி.

செப்டம்பர் 23, திங்கள்

சேலத்தில் மோகன்குமாரின் டிராவல்ஸ் ஆபீஸ். நல்ல பையன். ஆனால் அவன் காட்டிய எல்லாப் படத்திலும் ஒரே வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் சிரிக்கிறார்கள். படத்தை மூடிவிட்டு விஷயத்தைச் சொல்லச் சொன்னேன்.

ஆற்றுக் கப்பல் என்று ஒன்று இருக்கிறது. காசியிலிருந்து கங்கையில் போகலாம். சின்னக் கப்பல், ஆட்டம் இல்லை, கரை எப்போதும் கண்ணில் படும், தினமும் ஒரு ஊரில் இறங்கலாம். வாந்திக்குப் பயப்படுகிறவர்களுக்கும் கூட்டம் ஆகாதவர்களுக்கும் அதுதான் தோதாம். ஒரே சிக்கல், ஆற்றில் தண்ணீர் குறைந்தால் பாதி வழியில் இறக்கி பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். "அதனால எந்த மாசம்னு பாத்துத்தானுங்க்கா புக் பண்ணோணும்."

கடல் கப்பல் ஒரு ஊர் அளவு. ஆட்டம் உண்டு, கூட்டம் உண்டு, பொழுதுபோக்கு ஏகம்.

இவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "வடக்க வேண்டாம்ப்பா. காசியச் சுத்தியே எத்தன பாயிண்ட் ஓட்டியிருப்பேன்." அவருக்கு ஊர் என்றால் போர் போட்ட இடம்தான்.

ஆகக் கடல். சிங்கப்பூரில் ஏறி, புக்கெட், பினாங்கு பார்த்துவிட்டு மறுபடி சிங்கப்பூர். நவம்பர் கடைசி. பாஸ்போர்ட்டில் ஆறு மாசமாவது பாக்கி இருக்க வேண்டும். சிங்கப்பூருக்குள் இரண்டு தரம் நுழைகிறோம், விசா அதற்குத் தகுந்த மாதிரி இருக்க வேண்டும். இது தெரியாமல் போய் வழியில் நின்றவர்கள் உண்டாம்.

அக்டோபர் 6, ஞாயிறு

ஒத்திகை.

தண்ணீரில் இவருக்குத் தலை சுற்றுமா என்று பார்க்கக் காவிரிக்கரை ஜேடர்பாளையம் கூட்டிப்போனேன். புரட்டாசி என்பதால் மீன் கடைப் பக்கம் திரும்பவில்லை. அணைக்கு மேலே படகு. லைஃப் ஜாக்கெட் மாட்டி உட்கார வைத்தால், கோயம்புத்தூர் கல்லூரிப் பிள்ளைகள் எங்களைப் பார்த்துக் கையசைக்கிறார்கள். இவரும் கையசைக்கிறார்!

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் கரையில் இறங்கிய பிறகும் தரை ஆடியது. சொல்லவில்லை. காவிரியில் தலை சுற்றியது என்று தெரிந்தால் தமிழினி கப்பலையே கேன்சல் பண்ணிவிடுவாள்.

அக்டோபர் 19, சனி

எந்த அறை என்று முடிவு பண்ணச் சொல்லி மோகன்குமாரின் ஃபோன். கப்பலின் படத்தை அனுப்பியிருந்தான், மாடி மாடியாக.

அவன் சொன்னது: நடுவில், கீழ் மாடியாக எடுத்தால் ஆட்டம் குறைவு. மேலே போகப் போக ஆட்டம் கூடும், முன்பக்கம் இன்னும் கூடும். பின்பக்கம் கீழே போகவே கூடாது, எஞ்சின் சத்தம். "தூங்கவே முடியாதுங்க்கா. அந்த ரூமைக் கேட்டு வாங்கறவங்க யாருமில்லீங்க."

சத்தம் என்ற பேச்சே ஆகாது. சத்தத்துக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அந்த அறையைக் கொடு என்றேன். உச்சி மாடி, முன்பக்கம், பால்கனியோடு. "ஆட்டம் கொஞ்சம் இருக்குமுங்க" என்றான். இருக்கட்டும் என்றேன். டவுனில் தறிப்பட்டறைக்குப் பக்கத்தில் இருந்த பழைய வீட்டை வாடகைக்கு விட்டு, மல்லசமுத்திரம் ரோட்டில் தோட்டங்காட்டுக்கு நடுவே இந்த வீட்டைக் கட்டியதே அதற்குத்தானே. லீவுக்கு வருகிற மனுசன் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று.

பழைய வீட்டில் அவர் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார். அலுப்பு, அப்போது வயசும் இருந்தது.

நவம்பர் 8, வெள்ளி

தீபாவளிப் பலகாரம் இன்னும் தீரவில்லை, அதற்குள் பெட்டி கட்டல். கெட்டில், இஸ்திரிப் பெட்டி இரண்டும் கப்பலில் ஆகாது. தீப்பிடிக்கும் என்று வாங்கி வைத்துவிடுவார்களாம். பருப்புப் பொடி போகலாமா என்று கேட்டதற்கு மோகன்குமார், பாக்கெட்டில் அடைத்ததாக இருந்தால் போகும், கரையில் இறங்கும்போது கொண்டுபோகாதீர்கள் என்றான். சோறும் தயிரும் அங்கேயே கிடைக்குமாம். அப்புறம் என்ன.

நவம்பர் 23, சனி, சிங்கப்பூர்

திருச்சியில் விமானம் ஏறி வந்தாயிற்று. கப்பல் நாளைக்குத்தான். ஒரு நாள் முன்னாடியே போய்ச் சேர வேண்டும் என்று மோகன்குமார் பிடிவாதமாக இருந்தான். விமானம் தாமதமானால் கப்பல் நமக்காக நிற்காது. நம் ஊர்க் கோயில் டூர் பஸ் என்றால் டீ குடிக்கப் போனவர் வரும்வரை ஹாரன் அடித்துக்கொண்டே நிற்பான். அந்தப் பழக்கத்தில் வந்தால் அவ்வளவுதான்.

இவர் தூங்கவில்லை. ஓட்டல் அறை அமைதியாக, ஜில்லென்று இருக்கிறது.

நவம்பர் 24, ஞாயிறு, கப்பலில்

பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொண்டார்கள். அது அறைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. நல்லவேளை, மாத்திரை, ஒரு மாற்றுத்துணி, பாஸ்போர்ட் எல்லாம் கைப்பையில் வைத்திருந்தேன். அதைச் செய்யாத ஒரு மதுரைக்காரம்மா சுகர் மாத்திரைக்காகச் சிப்பந்திகளிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

கிளம்பும் முன் ஆபத்துக் காலப் பயிற்சி. எல்லோரும் போய்த்தான் ஆக வேண்டும். லைஃப் ஜாக்கெட் மாட்டுவதை இவர் ஒரு தரம் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற சீனக்காரருக்கு மாட்டிவிட்டார்.

ஃபோனை ஃப்ளைட் மோடில் போட்டாயிற்று. போடாவிட்டால் நடுக்கடலில் அதுவாக ஏதோ டவரைப் பிடித்துக்கொள்ளும், பில் வந்து நிற்கும்.

அறை அழகு. ஒரு சத்தமில்லை.

நவம்பர் 25, திங்கள், கடல்

ஆட்டம். ராத்திரியிலிருந்து வாந்தி. காலையில் பச்சை ஆப்பிள் கொடுத்தார்கள், இஞ்சி கொடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையை வாந்தி வரும் முன்னாடியே போட்டிருக்க வேண்டுமாம். அதை இப்பச் சொல்லி என்ன?

இவர் ராத்திரி முழுக்கப் பால்கனியில். நான் குளியலறையில்.

மத்தியானம் சொன்னார். "இங்கயும் இல்ல பாரு தூக்கம். ஊருக்குப் போனதும் தீர்த்தகிரிகிட்ட வாரேன்னு சொல்லிப்போடறேன்."

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ — போங்க, போய்ச் சாவுங்க, அங்க போய்த்தான் சாவோணும்னா போங்க, முப்பது வருஷம் தனியாத்தான கெடந்தேன், இன்னும் கெடக்கறேன் — எல்லாம் கத்திவிட்டேன். கத்தி முடிக்கும் முன் மறுபடி வாந்தி. அவர்தான் தலையைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் அவரே கீழே போய், வடக்கத்திச் சிப்பந்தி ஒருத்தியிடம் இந்தியில் பேசி, கீழ் மாடியில் வேறு அறை கேட்டிருக்கிறார். ஒன்றே ஒன்றுதான் காலி. ஜன்னல் கிடையாது, பின்பக்கம், எஞ்சினுக்கு மேலே. "சத்தமா இருக்கும், வேண்டாம்னு அவளே சொல்றா. உனக்கு ஆட்டம் நின்னாச் சரி, எனக்கென்ன, எங்கயும் முழிச்சுட்டுத்தான இருக்கப் போறேன்" என்றார்.

எடுத்துக்கொண்டோம். பெட்டி மாதிரி அறை. தரை அதிர்கிறது. டம்ளரில் தண்ணீர் நடுங்குகிறது. வாந்தி நின்றுவிட்டது.

நவம்பர் 26, செவ்வாய், புக்கெட்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

நேற்றுச் சாப்பிட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்தார். நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் தூக்கம். சும்மா கண்ணை மூடிக் கிடக்கிறார் என்றுதான் நினைத்தேன். குறட்டை. செருப்பை நான்தான் கழற்றினேன், அசையவில்லை. மூச்சு இருக்கிறதா என்று மூக்குக்கிட்டே கை வைத்துப் பார்த்தேன் என்றால் யாரிடம் சொல்வது. காலையில் ஒலிபெருக்கியில் ஏதேதோ அறிவித்தார்கள். அப்போதும் எழவில்லை.

காலை வெயில் ஏறியிருக்கும் நேரம், கப்பல் கரையைத் தொட்டது. தரையின் அதிர்வு மெல்லக் குறைந்து நின்றது. எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். அந்த நிமிஷம் இவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கண் முழுசாகத் திறக்கவில்லை.

"என்னாச்சு? ராடு மாட்டிக்கிச்சா?"

"ஏனுங்க, கப்பலுங்க இது."

சுற்றிப் பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு வந்தது அவருக்கு. "நல்லாத் தூங்கிட்டேன் போல."

காபி குடிக்கும்போதுதான் விவரமாகக் கேட்டேன். அவர் பெரிய விஷயமாகவே சொல்லவில்லை. போர் ஓடும்போது பசங்கள் வேலையைப் பார்ப்பார்கள், இவர் சப்போர்ட் லாரி கேபினில் படுத்துக்கொள்வார். பக்கத்தில் கம்ப்ரசர் அலறும். அது அலறுகிறவரை கவலை இல்லை. "சத்தம் நின்னாத்தான் எந்திரிப்பேன். நின்னுச்சுன்னா எதோ கோளாறுன்னு அர்த்தம். தொளை போடற ராடு குழிக்குள்ள மாட்டியிருக்கும், ஹேமர் கழண்டு உள்ள உழுந்திருக்கும். ஓடி எறங்கிருவேன்."

முப்பது வருஷமாக. எனக்கு இது தெரியாது. ஃபோன் பேசியிருக்கிறோம், கணக்கு வழக்கெல்லாம் நான்தான் பார்த்தேன், டீசலுக்கு எவ்வளவு என்று தெரியும். எப்படித் தூங்குவார் என்று நான் கேட்டதே இல்லை. காட்டுக்கு நடுவே ஒரு பொட்டுச் சத்தமில்லாமல் வீட்டைக் கட்டி, அதற்குள் இவரைப் படுக்க வைத்து, தூங்குங்க தூங்குங்க என்று ஒரு வருஷமாக உயிரை எடுத்திருக்கிறேன்.

அவரிடம் இதைச் சொல்லாமல் இன்னொரு காபி எடுத்துவந்து வைத்தேன்.

நவம்பர் 27, புதன், பினாங்கு

மறுபடியும் நல்ல தூக்கம்.

நேற்றுத் திரும்பும்போது மயிரிழையில் தப்பினோம். புக்கெட்டில் இறங்கி ஃப்ளைட் மோடை எடுத்ததும் ஃபோன் தானாக ஒரு மணி நேரம் பின்னால் போய்விடுகிறது, கப்பல் கடிகாரம் மாறுவதில்லை. ஃபோனைப் பார்த்துக்கொண்டு நிதானமாக இளநீர் குடித்துக்கொண்டிருந்தோம். மதுரைக்காரம்மா ஓடுவதைப் பார்த்துத்தான் நாங்களும் ஓடினோம். இன்று கப்பல் நேரத்துக்குத் திருப்பி வைத்த கைக்கடிகாரம்தான். இவர் ஓடியதற்கு டாக்டர் திட்டுவார். ஆனால் அப்படிச் சிரித்துக்கொண்டு ஓடி நான் பார்த்ததில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

வீடு. தூக்கம் போயே போய்விட்டது. இரண்டு ராத்திரி பார்த்தேன், சந்தேகமே இல்லை.

தீர்த்தகிரி நேரிலேயே வந்துவிட்டான், ஊருக்கு வந்த கையோடு. மிக்சர், காபி. "என்னங்ண்ணா முடிவு?" இவர் என்னைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன்.

"பொங்கல் கழியட்டுமுங்க. அப்பறம் சொல்றோம்."

"வண்டி தை பொறந்ததும் கெளம்புதுங்க்கா."

"அதுக்குள்ள சொல்றோமுங்க."

இவர் மறுக்காமல் மிக்சர் தட்டை அவன் பக்கம் நகர்த்தியதே எனக்கு ஆச்சரியம்.

டிசம்பர் 15, ஞாயிறு

பழைய வீட்டில் குடியிருப்பவர்கள் மாசக் கடைசியில் பள்ளிபாளையம் போகிறார்கள். வேறு ஆள் பார்க்க வேண்டாம் என்று புரோக்கரிடம் சொல்லிவிட்டேன்.

இன்று போய்ப் படுக்கையறையில் கதவைச் சாத்தி நின்று பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தறிப்பட்டறை. சடக் சடக் சடக். மண்டைக்குள் அடிக்கிறது. பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் இரண்டும் உண்டு. ஜன்னலில் பஞ்சு படிந்திருக்கிறது. அவருக்காக என்று சொன்னேனே ஒழிய, இந்தச் சத்தத்துக்குத் தப்பித்துத்தான் அப்படி அடம்பிடித்து ஓடினேன். பஞ்சு வாங்கிக் காதில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "தை மாசம் டவுன் ஊட்டுக்கே போயிரலாமுங்க. கோயிலும் பக்கம், டாக்டரும் பக்கம்."

"அங்க உனக்குத் தூக்கம் வராதே சௌந்திரா."

"நானு பகல்ல தூங்கிக்கறேன்."

2025 ஜனவரி 20, திங்கள்

நேற்று டவுன் வீட்டுக்குக் குடி வந்தாயிற்று. பால் காய்ச்சினோம். ராத்திரி ஒன்பது மணிக்குப் படுத்தவர் விடிந்தும் எழவில்லை. நான் கொட்டக் கொட்ட முழித்துக் கிடந்தேன்.

ஜனவரி 24, வெள்ளி

தீர்த்தகிரி ஃபோன். இவர் தூங்கிக்கொண்டிருந்தார், பகலில்கூட. எழுப்ப முடியாது என்றேன். சாயங்காலம் இவரே கூப்பிட்டுப் பேசினார். நான் அடுப்படியில் இருந்து கேட்டேன், ஒளிந்துதான்.

"இல்ல தீர்த்தகிரி, நீ கெளம்பு. நான் வர்லப்பா. இங்கயே செட்டாயிருச்சு."

தாளிப்பு கருகிவிட்டது.

மார்ச் 12, புதன்

பிரஷர் இறங்கியிருக்கிறது. டாக்டர் என்னைத் திட்டவில்லை.

மத்தியானம் அடுத்த தெரு சுகன்யா வந்தாள். அவள் வீட்டுக்காரரும் ரிக் வண்டிக்காரர், இந்த வருஷத்தோடு வேலையை விடுகிறார். கப்பலில் போகப் போகிறார்களாம். என்னிடம் யோசனை கேட்க நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். ஒரு நாள் முன்னாடி போ, மாத்திரையைக் கைப்பையில் வை, கப்பல் நேரத்தைப் பார், வாந்தி மாத்திரையை முந்தியே போடு என்று எல்லாம் சொன்னேன்.

"ரூம் எதுங்க்கா எடுக்கறது? மேலயா, கீழயா?"

"உங்கூட்டுக்காரரு எப்புடித் தூங்குவாரு? சத்தத்துலயா, சத்தமில்லாமயா?"

யோசித்தாள். "தெரியலீங்க்கா. லாரிலயேதான இருந்தாரு."

"அதக் கேட்டுட்டு அப்பறம் ரூம் போடு" என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அப்போதுதான் கரண்ட் போனது. தறி அத்தனையும் ஒட்டுக்கா நின்றுவிட்டது. உள்ளே இவர் படுத்திருந்த கட்டில் கிரீச்சிட்டது.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்லீங்க, கரண்டு. நான் இங்கதான் இருக்கறேன், படுங்க."

சுகன்யா போன பிறகு எட்டிப் பார்த்தேன். கரண்ட் இன்னும் வரவில்லை. தெருவே சத்தமில்லாமல் கிடந்தது. தூங்கிவிட்டிருந்தார்.